குரங்கு போடும் கணக்கு

பிப்ரவரி பிறந்தால் போதும், நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் அமெரிக்காவின் ஃபேன்டஸி பேஸ்பால் பிரியர்களுக்குத் தூக்கம் போய்விடும். யாரை முதலில் எடுப்பது, யார் எத்தனை ஹோம் ரன் அடிப்பார் என்று பட்டியல் மேல் பட்டியல். 2024-இல் பெரும்பாலான பட்டியல்களில் ரொனால்ட் அகூன்யாவுக்கே முதலிடம். குறை சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு அவர் 41 ஹோம் ரன் அடித்து, 73 முறை பேஸ் திருடியவர். ஆனால் மே மாதக் கடைசியில் முழங்கால் தசைநார் அறுந்து, 49 ஆட்டங்களோடு, நான்கே ஹோம் ரன்களோடு அவருடைய சீசன் முடிந்துபோனது. அதே ஆண்டில், முழங்கை அறுவை சிகிச்சையால் பந்து வீச முடியாதிருந்த ஷோஹெய் ஓட்டானி 54 ஹோம் ரன், 59 பேஸ் என்று வெளுத்து வாங்கினார். அதற்குமுன் ஒரு சீசனில் 26 பேஸுக்கு மேல் அவர் திருடியதே இல்லை. எந்தக் கணினி இதைச் சொல்லியிருக்கும்? இப்படிக் கணிக்கும் விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோ. மட்டையாளர் என்றால் கடைசி மூன்று ஆண்டு எண்களுக்கு 5, 4, 3 என்று எடை கொடு, சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழு, வயதுக்கு ஏற்பக் கூட்டிக் கழி. அவ்வளவுதான் அவர் முறை. குரங்குகூடப் போட்டுவிடும் கணக்கு என்று சொல்லி, 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் வரும் குரங்கின் பெயரையே அதற்குச் சூட்டினார்: மார்செல். பெரிய பெரிய நுட்பங்களோடு வந்த முறைகளும் இதைக் கொஞ்சம்தான் முந்துகின்றன. அப்படியிருக்க, 17-ஆம் இடத்துக்காரருக்கும் 23-ஆம் இடத்துக்காரருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பட்டியல் போடுகிறவர்களே, ஒற்றை எண்ணை விடுங்கள். இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று போடுங்கள்.