தாலாட்டு... அம்மாவுக்கும் மருந்துதான்!

தாய்மையைப் புகழாத மேடை உண்டா? சினிமாப் பாட்டு உண்டா? சரி... அந்தத் தாய் தன் பிள்ளைக்குப் பாட, உங்கள் வீட்டில் அரை மணி நேரம் கொடுக்கிறீர்களா?

ஆலங்குளம் பக்கம் சாயங்காலம் பாருங்கள். வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளிலிருந்து பெண்கள் வீடு திரும்புவார்கள். கந்தகமும் அலுமினியத் தூளும் ஒட்டிய சேலையை மாற்றி, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அதற்குள் அடுப்பு கூப்பிடும், தண்ணீர்க் குடம் கூப்பிடும். தொட்டில் ஆட்ட நேரம் ஏது? அழுகிற பிள்ளை முன்னால் செல்போன்தான்! ஒரு வயதுவரை திரையே காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது.

பிறந்த மூன்றே நாளில் அம்மாவின் குரலைக் குழந்தை அடையாளம் காண்கிறது என்று 1980-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்தக் குரலுக்கு ஈடாக எந்த செல்போன் பாடும்?

நம் கிராமத்துத் தாலாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி பிள்ளைக்கு, மீதி தனக்கு! தாய்மாமன் சீர், பிறந்த வீட்டுப் பெருமை, வராத சொந்தம்... யாரிடமும் சொல்ல முடியாததைத் தொட்டிலிடம் சொல்லி மனசு ஆறினாள் மருமகள். லண்டனில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுற்ற தாய்மார்களைக் குழந்தையோடு சேர்ந்து பத்து வாரம் பாட வைத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று 2018-ல் ஆய்வு வெளியானது. அதற்காகப் பாட்டே போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

'அதெல்லாம் பொம்பளைங்க வேலை' என்று அப்பாக்கள் நழுவ வேண்டாம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் தன்னையே யசோதையாக எண்ணி, கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடவில்லையா? 'தால்' என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவது தாலாட்டு. நாக்கு ஆண்களுக்கும் உண்டே!

குரல் நன்றாக இல்லையா? பரவாயில்லை. பிள்ளை மார்க் போடாது!

மாமியார்களே, கணவன்மார்களே... தாயைப் புகழ்ந்தது போதும். இன்று ராத்திரி பாத்திரத்தை நீங்கள் துலக்குங்கள். அவள் கொஞ்சம் பாடட்டும், களைத்திருந்தால் தூங்கட்டும். தொட்டிலை நீங்கள் ஆட்டுங்கள்!