கோளும் கொடுமையும்

பாடசாலையில் ஒரு பிள்ளையைப்பற்றி மற்றப் பிள்ளைகள் கட்டிவிடும் வதந்தியைச் சிறுபிள்ளை விளையாட்டென்று பெரியோர்கள் தள்ளிவிடுகிறார்கள். அழுதுகொண்டு வரும் குழந்தைக்கு, “நீ பொருட்படுத்தாதே” என்று சொல்வதே அவர்கள் அறிந்த ஒரே மருந்து. இம்மருந்து நோயைத் தீர்ப்பதில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

வதந்தியைப் பிறப்பிப்பவன் ஒருவன். அதை வளர்ப்பவர் அநேகர். ‘இவன் திருடினான்’ என்றோ, ‘இவள் இன்னாரோடு பழகுகிறாள்’ என்றோ காலையில் ஒருவன் சொன்னது மாலைக்குள் வகுப்பு முழுவதும் பரவிவிடுகிறது. மறுத்தால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்பர். வாளாவிருந்தால் ஒப்புக்கொண்டான் என்பர். முன்னாளில் பள்ளி மணி அடித்ததும் இத்துன்பத்திற்கு ஓர் ஓய்வேனும் இருந்தது. இப்பொழுதோ கைப்பேசியின் வழியாக அது வீட்டிற்குள்ளும் புகுந்து இரவெல்லாம் தொடர்கிறது. ஊரே ஒருபக்கம் நிற்கத் தனித்து நிற்கும் குழந்தையைத் தைரியமாயிருக்கச் சொல்வது, வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்குக் கரையிலிருந்துகொண்டு நீச்சல் உபதேசிப்பதை ஒக்கும்.

அங்ஙனமாயின் மருந்து யாரிடம் இருக்கிறது? பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இருக்கிறது. கானடா தேசத்து டொராண்டோ நகரில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கொடுமை நிகழ்ந்த நூறு சமயங்களில் 88-ல் மற்றப் பிள்ளைகள் உடனிருந்தனர். 19-ல் மட்டுமே எவரேனும் குறுக்கிட்டனர். ஆனால் அவ்வாறு குறுக்கிட்டவற்றில் பாதிக்குமேல், பத்து விநாடிகளுக்குள் கொடுமை நின்றுபோயிற்று! பின்லாந்து தேசத்தில் டுர்க்கு சர்வகலாசாலையார் வகுத்த ‘கிவா’ என்னும் பயிற்சி முறையும், வேடிக்கை பார்ப்போரைத் துணை நிற்போராக மாற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது.

ஆயினும், பிள்ளைகள் வாய் திறக்கவேண்டுமானால் வாய் திறந்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும். 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கலாகாது. சக மாணவர்கள் தம்மைத் துன்புறுத்துவதாகப் பள்ளியில் முறையிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவரை, அவருடைய வீட்டிலேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கவந்த தங்கையும் படுகாயமுற்றாள். அதன்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பெரிய பள்ளிகளில், மாணவர் குறைகளைக் கவனிப்பதற்கென்றே நல அதிகாரி ஒருவர் வேண்டும் என்பது அதன் யோசனைகளுள் ஒன்று. முறையீட்டைப் பெற்றுக்கொள்வதோடு கடமை தீர்ந்ததென்று எந்தப் பள்ளியும் இருக்கலாகாது. முறையிட்டவர் பத்திரமாக வீடு சேர்ந்து, மறுநாள் அச்சமின்றித் திரும்பி வருகிறாரா என்று பார்ப்பதும் அதன் கடமையே.

உபாத்தியாயர்கள், எல்லோர் முன்னிலையிலும் குழந்தையை நிறுத்தி விசாரிக்காமல், தனியே அழைத்து முழுதும் கேட்கவேண்டும். பெற்றோர்கள், கைப்பேசியில் வந்ததை அழிக்கச் சொல்லாமல் நாளும் நேரமும் குறித்துப் பத்திரப்படுத்திப் பள்ளிக்குக் காட்டவேண்டும். தம் பிள்ளையே கோள் சொல்பவன் என்று தெரிந்தால், அதை மூடிமறைக்காமல் கண்டிக்கும் நேர்மையும் அவர்களுக்கு வேண்டும். குழந்தைகளின் உதவிக்கென்று 1098 என்ற தொலைபேசி எண் இருப்பதை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி வைக்கவேண்டும்.

மாணவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. உங்களிடம் வந்த வதந்தியை அடுத்தவரிடம் சேர்க்காதீர்கள். எல்லோரும் ஒதுக்கிய தோழன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அதற்கு வீரம் வேண்டியதில்லை, கொஞ்சம் நெஞ்சில் ஈரம் இருந்தால் போதும். கேட்கும் செவிகள் மறுத்துவிட்டால் கோள் சொல்லும் நாக்கு தானே அடங்கும்.