திரைவழியே தந்தால் விருதாகாதா?

2020 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்மி தொலைக்காட்சி விருதுகளில் கலை, தொழில்நுட்பப் பிரிவுகளுக்கான விழா முழுக்கத் திரைவழியே நடந்தது. கொரோனா காலம், அரங்கம் இல்லை, சிவப்புக் கம்பளம் இல்லை. 14ஆம் தேதி முதல் 17 வரை நான்கு இரவுகள், பிறகு 19ஆம் தேதி ஒரு இரவு, ஆக ஐந்து இரவுகள் நிக்கோல் பயர் தொகுத்து வழங்கினார். ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனைக் கலைஞர், சண்டைப் பயிற்சியாளர் என்று பிரிவு பிரிவாகப் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 17 அன்று, பிரிட்டனில் தொலைக்காட்சித் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கான பாஃப்டா விருதுகளும் இப்படியே வழங்கப்பட்டன. 'செர்னோபில்' தொடர் அன்று ஏழு விருதுகளைப் பெற்றது.

திரைவழி விருது என்ற பேச்சு வரும்போதெல்லாம் நம் சின்னத்திரை வட்டாரத்தில் ஒரே பதில்தான் கேட்கிறது. "மேடையேறி வாங்காதது விருதே இல்லை. அதிலும் டெக்னீஷியனுக்குக் கொடுப்பதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?" ராமநாதபுரம் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டே சேனல்களுக்குச் செய்திக் காட்சி அனுப்பும் கேமராமேன்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள். தங்கள் உழைப்பைக் குறைத்துப் பேசும் வாதத்தைத் தாங்களே எடுத்துச் சொல்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இதற்குள் நாலைந்து வாதங்கள் சேர்ந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை.

மேடைதான் விருதுக்கு மரியாதை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். விருதின் எடை அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதில் இருக்கிறது. எம்மியில் ஒலிப்பதிவுக்கான பரிந்துரையை ஒலிப்பதிவுத் துறையினரே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். எடிட்டிங்கை எடிட்டர்கள் பார்க்கிறார்கள். தன் தொழிலை அணுஅணுவாகத் தெரிந்தவர்கள் சேர்ந்து "இவன் செய்தது நல்ல வேலை" என்று சொல்வதுதான் அங்கே பரிசு. அதை அரங்கத்தில் சொன்னால் என்ன, கம்ப்யூட்டர் திரையில் சொன்னால் என்ன?

மேடை மட்டும் இருந்து, தொழில் தெரிந்தவர்களின் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை 2022 செப்டம்பர் 30 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கினார். அதைவிடப் பெரிய மேடை இந்தியாவில் இல்லை. ஆனால் அந்த ஜூலையில் பட்டியல் வெளியானபோதே, படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாக ஒலிப்பதிவு செய்ததற்கான விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்குப் போயிருந்தது. அது டப்பிங் செய்யப்பட்ட படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளர் நிதின் லூக்கோஸே வெளிப்படையாகச் சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் கேள்வி எழுப்பினார். டப்பிங் எது, நேரடி ஒலி எது என்று காது கொடுத்துக் கேட்கவேண்டிய இடத்தில் நடந்த பிழையை எந்த மேடையும் சரிசெய்யாது.

தமிழ்நாட்டுக் கதை இதைவிட வேதனை. 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்கான தமிழக அரசின் சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. அவை கலைஞர்கள் கைக்கு வந்து சேர்ந்தது 2022 செப்டம்பர் 4 அன்று, சென்னை கலைவாணர் அரங்கத்தில். மேடை இருந்தது, மாலை மரியாதை இருந்தது, அமைச்சர்கள் இருந்தார்கள். போனது காலம். 2009இல் ஒரு தொடருக்கு ஒளிப்பதிவு செய்தவர் அதற்கான பாராட்டைப் பதின்மூன்று ஆண்டு கழித்து வாங்குகிறார். அந்த விருது அவருக்கு உதவியிருக்க வேண்டியது 2010இல்: அடுத்த வாய்ப்பு கேட்டுப் போகும்போது, சம்பளம் பேசும்போது, வங்கியில் கேமராவுக்குக் கடன் கேட்டு நிற்கும்போது. நடிகரை மக்கள் தெருவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். தொழில்நுட்பக் கலைஞருக்கு அந்தச் சான்றிதழ்தான் முகம். எம்மிக்காரர்கள் கொரோனாவைக் காரணம் காட்டி ஓராண்டு தள்ளிப்போட்டிருக்கலாம். தள்ளவில்லை. அந்த ஆண்டு வேலைக்கு அந்த ஆண்டே கொடுத்தார்கள். எனக்கு அரங்கத்தைவிட இது பெரிய மரியாதையாகப் படுகிறது.

அடுத்த வாதம்தான் என்னைக் கோபப்படுத்துவது. "டெக்னிக்கல் வேலையை மெஷின் செய்கிறது. கலை என்றால் நடிப்பு, பாட்டு, எழுத்து." தனுஷ்கோடியில் ஒரு காட்சி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

சிதிலமான தேவாலயச் சுவரும் இரண்டு பக்கக் கடலும் கேமராவில் அழகாக விழும் என்று யூனிட்கள் அங்கே வருகின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் சேற்றிலும் வேனில் உட்கார்ந்து, சாமான்களை மடியில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். இன்றைக்குச் சாலை இருக்கிறது. காற்று அப்படியேதான் இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பேசும் ஆளின் சொல் இரண்டடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. நம் காது ஓரளவு காற்றை ஒதுக்கிவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்ளும். மைக் ஒதுக்காது. காற்று அதன் மெல்லிய சவ்வில் மோதினால் 'பொம் பொம்' என்ற அதிர்வுதான் பதிவாகும்.

ஒலிப்பதிவாளர் என்ன செய்கிறார்? மைக்கின்மீது நீளமான ரோமம் வைத்த உறையைப் போடுகிறார். காற்று அந்த ரோமத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்துதான் மைக்கைத் தொடும். அதுவும் போதாதபோது கருவியில் தாழ்ந்த ஒலிகளை வெட்டுகிறார். கொஞ்சம் அதிகமாக வெட்டினால் நடிகரின் குரலில் இருக்கும் கனமும் சேர்ந்து போய்விடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, காதுதான் சொல்லவேண்டும். மைக் மாட்டிய நீண்ட கம்பியான பூமைப் பிடிக்கும் பையன் காற்று வரும் திசைக்குத் தன் முதுகைக் கொடுத்து, உடம்பையே மறைப்பாக வைத்து நிற்கிறான். காட்சி முடிந்ததும் எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்கிறார்கள். ஆம்பியன்ஸ் என்பார்கள். வசனத்துக்கு நடுவே எடிட்டர் வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த ஓசையை அடியில் ஓடவிட்டால்தான் ஒட்டுத் தெரியாது. அங்கேயும் ஒரு சிக்கல். வங்கக் கடல் பக்கம் அமைதியாக இருப்பதால் ஊரில் பெண் கடல் என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அறைவதால் ஆண் கடல். எந்தக் கடலைப் பார்த்து நடிகை நிற்கிறாளோ அந்தக் கடலின் ஓசைதான் அவள் பேச்சுக்கு அடியில் இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் வெளியூர்க்காரருக்குத் தெரியாது, பாம்பன்காரருக்குத் தெரியும். அதை மாற்றிப் போடாமல் இருப்பவன் கலைஞன் இல்லையென்றால் வேறு யார் கலைஞன்?

ஒளிப்பதிவும் இப்படித்தான். உச்சி வெயிலில் மணலும் தண்ணீரும் சேர்ந்து கண் கூசும், முகம் கருத்துப்போகும். முகத்துக்கு வெளிச்சம் திருப்பத் தெர்மோகோல் பிடித்தால் காற்று அதை ஆளோடு தூக்கப் பார்க்கும். லென்ஸில் உப்புப் பூத்தால் அவசரத்தில் துணியால் துடைக்கக்கூடாது. முதலில் ஊதி மணலைப் போக்கவேண்டும், இல்லையென்றால் கீறல் விழுந்துவிடும். இதில் எதை மெஷின் தானாகச் செய்கிறது?

எம்மி சிலையையே பாருங்கள். சிறகு முளைத்த பெண் கையில் ஓர் அணுவைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு. வடிவமைத்த லூயிஸ் மக்மானஸ் ஒரு தொலைக்காட்சிப் பொறியாளர். 1949 ஜனவரியில் நடந்த முதல் விழாவில் வழங்கியதே ஆறு விருதுகள்தான். அவற்றில் ஒன்று தொழில்நுட்பத்துக்கு. கலையையும் கருவியையும் பிரிக்கமுடியாது என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சினிமாவிலிருந்து நம் கரையைத் தொட்ட ஒன்றையும் சொல்கிறேன். ராமேஸ்வரம் அகதி முகாமில் பிறந்த குழந்தையின் கதையான 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது. பாட்டையும் அந்தச் சிறுமியையும் எல்லாரும் சொல்வோம். அந்த ஆறில் ஒலிப்பதிவு விருது எச். ஸ்ரீதருக்கும் ஏ.எஸ். லக்ஷ்மி நாராயணனுக்கும், படத்தொகுப்பு விருது ஸ்ரீகர் பிரசாத்துக்கும் போனது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஸ்ரீதர் 2008இல் காலமானார்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற கேள்விக்கு வருகிறேன். பார்க்க விடாமல் செய்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 2019இல் எம்மியின் இந்தப் பிரிவு இரண்டு இரவுகள் அரங்கத்தில் நடந்தது. மக்களுக்குக் கிடைத்தது பின்னர் சுருக்கி ஒளிபரப்பியதுதான். 2020இல் திரைக்கு வந்தபோதுதான் அது ஐந்து இரவுகளாக விரிந்தது. நான்கு இரவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. அரங்கத்தில் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு இடம் கொடுத்தது இணையம். இதற்கு நேர்மாறாக, 2022 ஆஸ்கரில் நிறைந்த அரங்கத்தை வைத்துக்கொண்டே, ஒலி, எடிட்டிங் உள்ளிட்ட எட்டு விருதுகளை நேரலை தொடங்கும் முன்பே கொடுத்து, பிறகு வெட்டிச் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் மறு ஆண்டே அந்த முறையைக் கைவிட்டார்கள்.

மக்களுக்கு அக்கறை இல்லை என்றும் நான் நம்பவில்லை. 2015 ஜூலை 30 அன்று பேக்கரும்பில் அப்துல் கலாமை நல்லடக்கம் செய்ததை நாடே நேரலையில் பார்த்தது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே கேமராவை நிலைநிறுத்தியவர்கள், நேரலை அனுப்பும் ஓ.பி. வேனுக்குள் உட்கார்ந்து எந்தக் கேமராவின் காட்சி போகவேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவெடுத்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, ஆகவே தெரியாது.

"இதெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ் சமாச்சாரம், நம் ஊருக்கு என்ன?" என்பவர்களுக்கு: திரைவழி விழாவால் அதிகம் பயனடையப்போவது நம் ஊர்தான். சென்னையிலிருந்து மிகத் தொலைவில் கிடக்கும் கரைகளில் ஒன்று இந்த ராமேஸ்வரம் கரை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோன 2022 டிசம்பர் முதல், புதிய பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 வரை, ராமேஸ்வரத்துக்காரர் மண்டபம் வந்துதான் ரயில் பிடிக்கவேண்டியிருந்தது. நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் உதவி ஒளிப்பதிவாளர் சென்னையில் ஒரு மாலை கைதட்டலுக்காகக் குறைந்தது இரண்டு நாள் வருமானத்தை இழக்கிறார். மனைவி மக்களை, அம்மா அப்பாவைக் கூட்டிப்போக அவரால் முடியாது. வீட்டுத் திரையில் அவர் பெயர் வாசிக்கப்பட்டால் தெருவே உட்கார்ந்து கேட்கும்.

தொலைக்காட்சியை இந்தக் கரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததும் இல்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, மூங்கிலையும் இரும்புக் குழாயையும் உயர நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, பூஸ்டர் வைத்துப் படம் வரவழைத்தவர்கள் நம் ஊர் ரேடியோ ரிப்பேர்க்காரர்கள். 323 மீட்டர் உயர தூர்தர்ஷன் கோபுரம் நிற்பது ராமேஸ்வரத்தில். பாம்பனில் 90.4 பண்பலையில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிக்கிறது. கருவியைக் கையாளத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

மறுதரப்பில் ஒரே ஒரு வாதத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். விழாவில் கூடும்போது ஆளோடு ஆள் பேச முடியும். பெரிய ஒளிப்பதிவாளரின் கையைப் பிடித்து "அடுத்த படத்துக்குக் கூப்பிடுங்கள் சார்" என்று சொல்ல முடியும். திரையில் அது நடக்காது. உண்மையான இழப்புதான். அதற்குப் பிறகொரு நாள் ஒரு கூடுகை வைத்துக்கொள்ளலாம். மதுரையில் வைத்தால் இன்னும் நல்லது. கூடுகைக்காக விருதை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதை ஏற்கமுடியாது.

அரசிடமும் சேனல்களிடமும் நான் கேட்பது பெரிதல்ல. சின்னத்திரை விருதை அந்தந்த ஆண்டே அறிவியுங்கள். அரங்கமும் அமைச்சரின் தேதியும் கிடைக்கவில்லையென்றால் இணையத்தில், தூர்தர்ஷனில், உங்கள் சேனலில் அறிவித்து, பணத்தை வங்கிக் கணக்கிலும் சான்றிதழைத் தபாலிலும் அனுப்புங்கள். ஒலிப்பதிவையும் எடிட்டிங்கையும் ஒளிப்பதிவையும் தேர்ந்தெடுக்கும் குழுவில் அந்தந்தத் தொழில் தெரிந்தவர்களை உட்காரவையுங்கள். தொடர் முடிந்ததும் ஓடும் பெயர்களை வாசிக்கும் வேகத்தில் ஓடவிடுங்கள். கலைவாணர் அரங்கத்துக்கு வர முடியாதவர்களும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள்.