ஒரு பிடி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு

மருத்துவத்தை வள்ளுவர் நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், தீர்க்கும் வைத்தியர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து ஊட்டுபவர் என்பன அவை. முதல் மூன்றையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவரை, அதாவது இரவெல்லாம் பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருக்கும் தாயை, சொன்னதைச் செய்பவளாகவே வைத்திய உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. அவளிடமே அறிவு சென்று சேர்ந்தால் யாது விளையும் என்பதை வங்க நாட்டில் நிகழ்ந்ததொன்று காட்டும்.

வாந்திபேதி கண்டவரைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதேயாகும். நாளத்தினூடாக உப்புநீர் ஏற்றினாற் பிழைப்பர். ஆனால், ஊசியும் போத்தலும் பயின்ற கையும் குக்கிராமத்துக்கு எங்ஙனம் வரும்? வெறும் உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தாலோ குடல் அதனை ஏற்பதில்லை. குளுக்கோஸ் உடன் சென்றால் குடல் உப்பை உள்வாங்கும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். இந்நுட்பத்தை 1960இல் எடுத்துரைத்தவர் றொபேட் கிறேன் என்னும் அறிஞர். குடிக்கும் மருந்தாக அதை நோயாளரிடம் பரீட்சித்துக் கண்ட பயனை டாக்கா கொலரா ஆய்வுகூடத்தார் 1968இல் வெளியிட்டனர்.

அச்சேறிய அறிவு உடனே ஊரார் அறிவாகிவிடுவதில்லை. 1971ஆம் ஆண்டுப் போரினால் இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தனர். பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவிற்று; நாளத்தில் ஏற்றும் நீரோ தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணிபுரிந்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவிற் கலந்து, குடிக்கக் கொடுக்கும் பொறுப்பை நோயாளரின் உறவினரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நான்குக்குங் குறைந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்து டாக்டர் திமான் பருவா இதனை நேரிற் கண்டு, உலகெங்கும் பரவ முன்னின்று உழைத்தார்.

எனினும் முகாம் வேறு, வீடு வேறு. பங்களாதேஷின் பிறாக் நிறுவனம் 1980 முதல் வீடு வீடாகப் பெண் ஊழியரை அனுப்பியது. பொட்டலம் இல்லாத வீட்டிலும் சர்க்கரையும் உப்பும் உண்டல்லவா? அரைச் சேர் நீரில் ஒரு பிடி கரும்புச் சர்க்கரை, மூவிரற் சிட்டிகை உப்பு என்று தாய்மாருக்குக் கற்பித்தனர். பின்னர் வேறொருவர் சென்று தாய்மாரை வினவுவார். அவர்கள் சொல்லும் விடைக்கேற்பவே ஊழியருக்கு ஊதியம்.

தாய்மார் செவ்வையாக விடை கூறினர். ஆயினும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது பலர் அந்நீரைக் கொடுக்கவில்லை! காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. கற்பித்த ஊழியரிற் பலருக்கே அதில் நம்பிக்கையில்லை; தமக்கு நோய் வந்தால் அவர்கள் குளிசையை நாடினர். வீட்டு ஆண்களுக்கோ எவரும் எதுவுஞ் சொல்லவில்லை. நிறுவனத்தார் தாய்மாரைக் குறைகூறாது தம் முறையைத் திருத்தினர். அந்நீர் எவ்வாறு உயிர் காக்கின்றது என்பதை ஊழியர் டாக்காவில் அறிந்து வந்தனர்; தாய்மார் முன் தாமே பருகிக் காட்டினர். பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆடவருக்கு விளக்கங் கூறப்பட்டது. பத்தாண்டில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அவ்வறிவு எட்டியது.

விடைத்தாளிற் சரியான விடை கண்டவுடன் பாடம் முடிந்ததென மகிழும் ஆசிரியருள் யானும் ஒருவன். ஆகவே, இவ்வரலாறு என்னைச் சுடுகின்றது. மனனஞ் செய்தல் வேறு, நம்பி ஏற்றல் வேறு. கற்பிப்பவன் நம்பாததைக் கற்பவன் நம்பான். மாணவச் செல்வங்கள் இதனை மனத்திருத்துக.

தாய்மாருக்கும் ஒரு சொல். இன்று அளவாகக் கலந்த உப்புப் பொட்டலம் மருந்துக் கடைகளிற் கிடைக்கின்றது. அதில் எழுதிய அளவு தூயநீரிலேயே கரையுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ குடிக்க மறுத்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வள்ளுவர் நான்காவதாக எண்ணியவர் நீங்களே.