மண் அணைகள்: உறுதி வேறு, அபாயம் வேறு

2019 ஜூலை 2 இரவு. மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள திவரே அணை உடைந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட சிறிய மண் அணை அது. அடைமழையில் நிரம்பியிருந்த நீர் கரையைப் பிளந்துகொண்டு இறங்கியதில், அணையை அடுத்திருந்த குடியிருப்பின் வீடுகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. 20-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

அணையில் கசிவு இருப்பதாகக் கிராம மக்கள் முன்கூட்டியே புகார் அளித்திருந்தனர். அணை உடைந்த பிறகு மாநில அமைச்சர் ஒருவர் சொன்ன காரணம் நாடு முழுவதும் பேசுபொருளானது: நண்டுகள் கரையைத் துளைத்துவிட்டனவாம்! எதிர்க்கட்சியினர் நண்டுகளைத் தூக்கிக்கொண்டு போராட்டம் நடத்தினர்.

நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. நண்டும் எலியும் கரையானும் மண் கரையைத் துளைக்கும் என்பது பொறியாளர்கள் அறியாத செய்தியல்ல. அந்தத் துளைகளைக் கண்டுபிடித்து அடைப்பதற்குத்தான் ஆய்வும் பராமரிப்பும் இருக்கின்றன. ஆக, நண்டுதான் காரணம் என்றால், பராமரிப்பு நடக்கவில்லை என்பதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

இரண்டு கேள்விகள்

அணைகளுக்கு இரண்டு விதமான தரம் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பொதுவெளியில் பல விவாதங்கள் திசைமாறுகின்றன.

முதலாவது, அணையின் உறுதி பற்றியது. கரையில் விரிசல் உண்டா? கசிவு நீர் தெளிவாக வருகிறதா, மண்ணோடு கலங்கி வருகிறதா? ஷட்டர்கள் இயங்குகின்றனவா? இவற்றைப் பார்த்து நம் நாட்டில் குறைபாடுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அணை உடையவே காரணமாகக் கூடியவை முதல் வகை. உடனடியாகச் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இரண்டாம் வகை. அந்த ஆண்டுக்குள் சரிசெய்துவிடக் கூடிய சிறிய குறைகள் மூன்றாம் வகை.

இரண்டாவது, அபாயத் தரம். இது அணை எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒருவேளை உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்று மட்டுமே கேட்கிறது. அமெரிக்காவில் அணை உடைந்தால் உயிரிழப்பு நேரக்கூடும் என்றாலே அது 'உயர் அபாய' அணை. நேற்றுக் கட்டிய, ஒரு குறையும் இல்லாத அணைகூட அந்தப் பட்டியலில் வரும். அப்படி வருவதால் அது உடையப் போகிறது என்று பொருளல்ல. அதைக் கவனிப்பதில் சிறு சலுகையும் காட்டக் கூடாது என்றே பொருள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டிய நாளில் அணைக்குக் கீழே வெறும் வயல்கள் இருந்திருக்கலாம். பிறகு வீடுகள் வரும், பள்ளிக்கூடம் வரும், கடைத்தெரு வரும். அணையில் ஒரு கல்கூட அசையாமலேயே அதன் அபாயத் தரம் உயர்ந்துவிடும். ஆவணத்திலோ பழைய தரமே தொடரும். வீட்டு மனைக்கு அனுமதி தரும் அலுவலகமும் அணையைப் பராமரிக்கும் அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத நிர்வாகத்தில் இதை யார் கவனிப்பது?

மண் அணைகளின் பலவீனம்

மண் அணைகள் உடைவதற்கு இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, கசிவு நீர் கரைக்குள் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் குழாய் போல வழி உண்டாக்கிக்கொள்வது. மற்றொன்று, வெள்ளம் கரைக்கு மேலேறி வழிவது. கான்கிரீட் அணை மேல்வழியும் நீரைச் சிறிது நேரம் தாங்கக்கூடும். மண் கரை தாங்காது. அரிப்பு தொடங்கிவிட்டால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 2021 நவம்பரில் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணையின் மண் கரை இப்படித்தான் போனது. வெள்ளம் வந்த நேரத்தில் ஷட்டர்களில் ஒன்று இயங்கவில்லை.

தரம் மோசம் என்று தெரிந்தும் வாளாவிருந்தால் என்ன நேரும் என்பதற்கு லிபியாவின் டெர்னா நகரைவிடப் பெரிய சாட்சி இல்லை. நகருக்கு மேலே அபூ மன்சூர், அல்-பிலாத் என்று இரண்டு அணைகள். களிமண்ணும் பாறையும் கொண்டு 1970-களில் கட்டப்பட்டவை. 1998-லேயே விரிசல்கள் கண்டறியப்பட்டன. 2007-ல் துருக்கி நிறுவனமொன்றுக்குச் சீரமைப்பு ஒப்பந்தம் தரப்பட்டது. 2010-ல் தொடங்கிய பணி, 2011-ல் நாடு கொந்தளித்ததும் நின்றுபோனது. பெருவெள்ளம் வந்தால் அணைகள் தாங்காது என்று 2022-ல் லிபியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் எழுதினார். 2023 செப்டம்பர் 10 நள்ளிரவைத் தாண்டியதும் இரண்டும் அடுத்தடுத்து உடைந்தன. ஆயிரக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோனது. 2024 ஜூலையில் 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை தேவைதான். ஆனால் கால் நூற்றாண்டாகத் தெரிந்திருந்த விரிசலுக்குத் தீர்ப்பு வந்ததோ ஊர் அழிந்த பிறகு.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், கட்டுமானத்தில் இருந்த கரம் அணையின் மண் கரையில் கசிவு பெருகியது. 18 கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பக்கவாட்டில் கால்வாய் வெட்டி நீர் வெளியேற்றப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. கட்டுமானத்தின் தரம் குறித்துக் கடும் கேள்விகள் எழுந்தன, அவை நியாயமானவை. ஆனால் கசிவைக் கண்ட உடனே கீழே இருப்பவர்களை நினைத்ததால் மக்கள் பிழைத்தார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

2021 டிசம்பர் 30 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளும் அதற்குள் வருகின்றன. இப்படி நாட்டில் உள்ள 6,000-க்கும் மேற்பட்ட அணைகளில் பெரும்பாலானவை மண் அணைகளே. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 50 வயதைக் கடந்தவை. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். ஒவ்வோர் அணையையும் அபாயத்தின் அடிப்படையில் மாநில அமைப்பு வகைப்படுத்த வேண்டும். அவசரகாலச் செயல்திட்டமும், தனிக் குழுவைக் கொண்டு முழுமையான பாதுகாப்பு மதிப்பீடும் ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2026 டிசம்பர் இறுதிக்குள், முடிய வேண்டும்.

தமிழகத்தில் அணைப் பாதுகாப்பு என்றாலே முல்லைப் பெரியாறுதான் பேச்சு. மாநில உரிமை சார்ந்து அது முக்கியமானதே. ஆனால் 8 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பவானிசாகரும் மண் அணைதான். சட்டத்தின் அளவுகோலுக்குள்ளேயே வராத ஆயிரக்கணக்கான ஏரி, கண்மாய், குளங்களின் கரைகளும் மண் கரைகள்தாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்து ஊர்கள் மூழ்கியதை நாம் மறந்துவிடவில்லை. பத்து மீட்டர் உயரமில்லை என்பதற்காகத் தண்ணீர் இரக்கம் காட்டுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

நம் ஊருக்கு மேலே இருக்கும் அணையின், குளத்தின் அபாயத் தரம் என்ன? கடைசி ஆய்வு எப்போது நடந்தது, அதில் என்ன எழுதப்பட்டது? கரை உடைந்தால் எவ்வளவு நேரத்தில் நீர் நம் தெருவை எட்டும், எந்த மேட்டுக்கு நாம் ஓட வேண்டும்? இவற்றைக் கிராம சபைகளில் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். நம் ஜமாஅத்துகளும் ஊர்நலச் சங்கங்களும் வெள்ளம் வந்த பிறகு படகோடும் உணவுப் பொட்டலத்தோடும் முன்னே நிற்பதில் குறை வைத்ததில்லை. மழைக்கு முன்பே ஒரு மனுவோடு போய் நிற்பதும் அதே உயிர்காக்கும் பணிதான்.

திவரே மக்கள் புகார் கொடுத்தார்கள், கேட்க ஆளில்லை. அடுத்த மழைக்கு முன் அத்தகைய புகார் எங்கிருந்து வந்தாலும், அதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் கரைக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும்.