வாய் திறவா எழுத்துக்கள்

எழுதியவாறே படித்துப் பழகிய நமக்குப் பிரெஞ்சு வினைச்சொற்கள் தொடக்கத்திற் பெருந் திகைப்பை விளைவிக்கும். 'பேசுதல்' எனப் பொருள்படும் 'பார்லே' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்குரிய வடிவம் ஏட்டிலே 'பார்' என்றும் 'லன்ற்' என்றும் ஈரசையாய்த் தோன்றும். புதிதாய்க் கற்கும் மாணவர் அவ்வாறே படித்தும் விடுவர். பிரெஞ்சுக்காரரின் அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் ஓரசைச் சொல். 'பார்ல்' என்பதே ஒலி. ஈற்றிலுள்ள ஈ, என், ரி என்னும் மூன்றெழுத்துக்களும் வாய் திறப்பதில்லை.

நான், நீ, அவன் என்பவற்றோடு வரும் வடிவங்களுக்கும் இதே ஒலிதான். 'நாங்கள்', 'நீங்கள்' என்பவற்றுக்குரியன மாத்திரமே ஈரசையாய் ஒலிப்பன.

இம்மூன்றெழுத்துக்கள் ஏன் நிற்கின்றன? பிரெஞ்சின் தாயாகிய இலத்தீனில் 'நேசிக்கிறார்கள்' என்பது 'அமன்ற்'. அங்கே ஈறு ஒலித்தது. அச்சொல் பிரெஞ்சில் 'எம்' எனத் தேய்ந்தபோது ஒலி மறைந்தது. பன்மைக்கு அடையாளமாய் எழுத்து எஞ்சியது. பழைய மரபுச் செய்யுளிலோ, 12 அசை கொண்ட அடியின் இடையே 'பார்ல்' வரின் இன்றும் அதனை ஈரசையாகவே எண்ணுவர்.

ஆயின், இவ்வீறு எங்கும் ஊமையெனக் கொள்ளற்க. கன்னியர் மடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும், கோழிகள் 'அடைகாக்கின்றன' என்னும் வினைச்சொல்லும் எழுத்தில் ஒன்றே. பெயராயின் மூக்கொலியோடு 'கூவாங்' என ஈரசை; வினையாயின் 'கூவ்' என ஓரசை. சொல்லின் இலக்கணம் அறியாமல் அதனை ஒலிக்க இயலாது.

தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே பேசுபவர் யாரென்பது விளங்கும், 'நான்' வேண்டுவதில்லை. பிரெஞ்சில் ஈறு ஒலியிழந்தமையால், இடத்தை உணர்த்தும் பொறுப்பு முன்னிற்கும் பெயரைச் சார்ந்தது. ஆகவே அதனை விடுதல் தகாது. அங்கும் ஓர் இடர் உண்டு: 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் 'இல் பார்ல்' என்றே கேட்கும். உயிரெழுத்தில் தொடங்கும் வினையில் வேறுபாடு தெளிவாகும். 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இலெம்'; 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'இல்ஸெம்'.

எனவே சொல்வதெழுதலின்போது கேட்ட சொல்லை உடனே எழுதிவிடாது, வாக்கியம் முழுவதையுங் கேட்டு, ஒருவரா பலரா எனத் துணிந்தபின் ஈற்றை எழுதுக. வாய்விட்டுப் படிக்கும்போது அவ்வீற்றை விட்டுவிடுக. இவ்விரண்டையும் ஒருங்கே பழகுவோர்க்குப் பிரெஞ்சு வினை விரைவில் வசமாகும்.