ஞாயிறு மத்தியானம் எங்கே சாப்பிடலாம்?



ஆராதனை முடிந்து ஆலய வாசலில் கைகுலுக்கி நிற்கும் வேளையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பிரசங்கத்தைப் பற்றியவை சொற்பமே. "ஐயா, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போக இங்கே நல்ல இடம் எது?" என்ற கேள்வியே அதிகம். இலண்டனில் 17 ஆண்டுகள் ஊழியம் செய்தவன் என்பதால் ஆவிக்குரிய ஆலோசனையோடு இந்த ஆலோசனையும் என்னிடம் இருக்கும் என்று நம்புகிறார்கள் போலும். சென்ற மாதம் ஒரு சகோதரி குரலைத் தாழ்த்தி, "பப்புக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா ஐயா, தப்பில்லையே?" என்றும் கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். நான் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிச் சீமையில் சாராயக்கடை இருந்த தெருவின் வழியே பெண்கள் நடக்கமாட்டார்கள். குடியினால் அழிந்த வீடுகளை இளமையிலேயே கண்டவன் நான். ஆகவே மதுவைத் தொட்டதில்லை. இந்நாட்டுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் பப்பின் வாசலைக் கண்டாலே எதிர்ப்புற நடைபாதைக்கு மாறிவிடுவேன். பின்னர் ஓர் ஆங்கிலேயப் போதகர், ஆராதனை முடிந்த கையோடு, அங்கியை மட்டும் கழற்றிவிட்டு, என்னை நேராக அங்கேதான் அழைத்துச் சென்றார். உள்ளே பாட்டிகள் இருந்தார்கள். குழந்தை நாற்காலியில் கைக்குழந்தை இருந்தது. கணப்படுப்பின் அருகே ஒரு நாய் உறங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஆலயத்தில் பார்த்த முகங்களில் பாதி அங்கே இருந்தன.

பப் என்பது பொது இல்லம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இந்நாட்டின் பழைய பப்புகளுள் சில யாத்திரிகர் தங்குவதற்காகவே கட்டப்பட்டவை. கிளாஸ்டன்பரி மடத்துக்கு வந்த யாத்திரிகருக்காக 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜார்ஜ் அண்ட் பில்கிரிம்ஸ் விடுதி இன்றும் நிற்கிறது. பெயர்ப்பலகைகளையும் சற்றே நின்று பாருங்கள். 'கிராஸ் கீஸ்' என்றால் பேதுருவின் திறவுகோல்கள். 'லாம்ப் அண்ட் ஃப்ளாக்' என்றால் கொடி ஏந்திய தேவ ஆட்டுக்குட்டி. ஆலயத்துக்கும் பப்புக்கும் இடையில் ஒரே ஒரு கல்லறைத் தோட்டம் மட்டுமே இருக்கும் கிராமங்கள் இங்கே ஏராளம்.

ஞாயிறு ரோஸ்ட் என்ற உணவே ஆராதனையோடு ஒட்டிப் பிறந்தது. ஆலயத்துக்குப் புறப்படும் முன் இறைச்சித் துண்டத்தை ஓவனில் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது அது வெந்திருக்கும். வீட்டில் ஓவன் இல்லாத ஏழைகள் தட்டோடு எடுத்துச்சென்று, ரொட்டி சுடுபவரின் சூளையில் சிறு கட்டணத்துக்கு வேகவைத்துத் திரும்பப் பெறுவார்கள். நம் வீடுகளிலும் அம்மா முதல் மணி அடிக்கும் முன்பே ஆட்டுக்கறியை அடுப்பேற்றிவிட்டுத்தானே புடவை மாற்றப் போவார்! நீண்ட ஜெபத்தின் நடுவே அந்தக் குழம்பின் மணத்தை நினைத்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் பண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புட்டிங் என்பதால் இனிப்பென்று எண்ணி, நம் பிள்ளைகள் முதல் கடியிலேயே ஏமாந்துபோவதுண்டு. மாவும் முட்டையும் பாலும் கலந்த கரைசலை, வேகும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு அதில் விழும்படி கீழே வைத்துச் சுடுவது பழைய முறை. 1747-இல் வெளியான ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலில் இப்பெயரிலேயே அது இடம்பெற்றது. யார்க்‌ஷயரில் இதைக் கிரேவியோடு முதலில் பரிமாறுவார்கள். வயிறு பாதி நிறைந்துவிட்டால் விலை உயர்ந்த இறைச்சி எல்லாருக்கும் எட்டும். பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒரு கோழியைப் பங்கிட்ட நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பப்பில் நல்ல உணவு என்பதே பல இடங்களில் அண்மைக்கால வழக்கம். இலண்டன் ஃபாரிங்டன் சாலையில் 1991-இல் புதுப்பொலிவோடு திறந்த 'தி ஈகிள்' போன்றவை அந்த மாற்றத்துக்கு வழிகாட்டின. 1995 வரையில் இங்கிலாந்தின் பப்புகள் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு மூடி, மாலை 7 மணிக்கே மீண்டும் திறக்க வேண்டியிருந்தது. 2007 ஜூலையில் புகைபிடித்தலும் தடைசெய்யப்பட்டபின் குடும்பங்கள் தயக்கமின்றி வரலாயின. ஆகவே இன்று தெரிவுக்குப் பஞ்சமில்லை. நட்சத்திரங்களையும் விமரிசனங்களையும் நான் அதிகம் நம்புவதில்லை. மேசைக்கு முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில், "ரோஸ்ட் எத்தனை மணிவரை இருக்கும்?" என்று கேளுங்கள். "தீரும்வரைதான்" என்று பதில் வந்தால் அன்று காலை வேகவைத்தது என்று அறியலாம். இரவு ஒன்பது மணிவரை தாராளமாகக் கிடைக்கும் என்றால், அந்த இறைச்சி விளக்கின் சூட்டில் நெடுநேரம் காத்திருக்கப்போகிறது. உணவுப்பட்டியல் ஒரே பக்கமாக இருப்பது நல்ல அடையாளம். மாட்டிறைச்சி உண்ணாதோர் புதினா சாஸுடன் ஆட்டிறைச்சியோ கோழியோ கேட்கலாம். காரம் இல்லையே என்று வருந்துவோருக்கு ஹார்ஸ்ராடிஷ் சாஸ் உண்டு; ஆனால் அந்தக் காரம் நாக்கில் நில்லாமல் மூக்கில் ஏறும். நம் மூத்த சகோதரி ஒருவர் கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி கொண்டுபோகிறார். நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவேன். கொஞ்சம் வாங்கிக்கொண்டதும் உண்டு.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஒன்று உண்டு. தனியே வந்த முதியவரை அந்த இடம் எப்படி நடத்துகிறது? ஒருவருக்கு மட்டும் என்றதும் முகம் மாறி, கழிப்பறைக் கதவோரத்தில் உட்காரவைக்கும் உணவகத்துக்கு நான் மறுமுறை போவதில்லை, அதன் ரோஸ்ட் எவ்வளவு பேர்பெற்றதாயினும் சரி. மேசையில் இடம் மறுக்கப்படுவது என்னவென்று இந்நாட்டில் நம்மைப் போன்றோர் அறிந்திருக்கிறார்கள். 1960-களில் பர்மிங்காமுக்கு அருகேயுள்ள ஸ்மெத்விக்கில், ஆசியரும் கறுப்பினத்தவரும் பப்பின் நல்ல அறைகளில் அமர அனுமதிக்கப்படவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அங்கு நேரில் வந்து நிலையைக் கண்டார். அதற்குப்பின் ஒன்பது நாட்களில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பொது இடங்களில் இனத்தின் பெயரால் மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் அதே ஆண்டு வந்தது. காலப்போக்கில் அவ்வட்டாரத்துப் பப்புகள் பலவற்றைப் பஞ்சாபியரே நடத்தலாயினர். இன்று 'தேசி பப்' என்று பெயர்பெற்ற அவ்விடங்களில் தந்தூரி இறைச்சி கொதிக்கும் இரும்புத் தட்டில் புகையோடு வரும். பழைய வெள்ளைக்காரத் தாத்தாக்களும் சர்தார்ஜிகளும் அடுத்தடுத்து அமர்ந்து அதை உண்பதைக் கண்டிருக்கிறேன். மிட்லண்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுவே.

இனிச் சொல்லப்போவது எனக்கே வெட்கமானது. சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனையைத் தவறவிடுவோரைக் குறித்துப் பிரசங்க பீடத்திலிருந்து சற்றுக் கடுமையாகவே பேசினேன். அன்று மத்தியானம் ஒரு குடும்பத்தார் என்னைப் பப்புக்கு அழைத்துச் சென்றார்கள். உணவு அருமையாக இருந்தது. இரண்டாம் தட்டுக்குக் காத்திருந்தபோது சமையலறைக் கதவு திறந்தது. கழுவிய தட்டுகளின் அடுக்கைச் சுமந்துகொண்டு வெளியே வந்தவன், நான்கு மாதங்களாக ஆலயத்தில் காணாத நம் சபை இளைஞன். படிக்க வந்த பிள்ளை. என்னைக் கண்டதும் தட்டுகளை வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "தோத்திரம் ஐயா" என்றான். "ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே அதிக வேலை ஐயா. அன்று வரமுடியாது என்றால் மற்ற நாளும் வரவேண்டாம் என்றுவிடுவார்கள்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். காலையில் நான் கடிந்துகொண்டது யாரை? என் தட்டைக் கழுவுகிறவனை.

உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை மறுபடியும் கூறப்படும்போது, யாத்திராகமத்தில் இல்லாத ஒரு காரணம் சேர்க்கப்படுகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போலவே இளைப்பாறவேண்டும். எகிப்தில் நீங்களும் அடிமைகளாயிருந்ததை மறவாதீர்கள் என்கிறது வேதம். மதுரையில் இறையியல் பயின்ற நாட்களில் இவ்விரண்டு பகுதிகளையும் ஒப்பிட்டுத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியிருக்கிறேன். அந்தக் கதவு திறந்த அன்றுதான் அதை வாசித்தேன் என்று சொல்லவேண்டும்.

அப்படியானால் ஞாயிறன்று வெளியே உண்பதே கூடாது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. நாம் போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஓய்வு கிடைக்காது, கூலிதான் குறையும். ஆனால் அவனை நினைத்தே இடத்தைத் தெரிவுசெய்யலாம். இலண்டனில் பெரும்பாலும் 12.5 சதவீதம் சேவைக் கட்டணமாகப் பில்லில் சேர்க்கிறார்கள். 2024 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி அது முழுவதும் ஊழியருக்கே, அதுவும் நியாயமான பங்கீட்டில், சேரவேண்டும். சமையலறையில் இருப்போருக்கும் பங்கு உண்டா என்று கேட்பதில் நமக்கு என்ன கூச்சம்? தான் முன்பு வேலைசெய்த ஓரிடத்தில், இச்சட்டத்துக்கு முன், அக்கட்டணத்தில் ஒரு பென்னிகூடத் தன் கைக்கு வந்ததில்லை என்று அவன் பின்னர் சொன்னான். சமையலறை மூடக் கால்மணி நேரம் இருக்கையில் பன்னிரண்டு பேராகப் போய் நிற்காதீர்கள். பதிவுசெய்த மேசைக்கு வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவை சிறு காரியங்களே. நம்மவர் தவறுவதும் இவற்றிலேயே.

குடியிலிருந்து மீண்டுவரும் சகோதரர் நம்மிடையே உண்டு. அவர்களோடு உண்ணும்போது பப் வேண்டாம். எனக்கு அங்கே ஆரஞ்சு ஜூஸ் குடிக்கும் சுயாதீனம் உண்டு என்பதற்காக, அவர்களை அந்த வாசனையின் நடுவே உட்காரவைக்கும் உரிமை எனக்கு இல்லை. தென்னிந்திய உணவகமோ நம் ஆலயக் கூடமோ போதும். இதில் விவாதத்துக்கு இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த இளைஞனைச் சந்தித்தபின் விசாரித்ததில், உணவகங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் ஞாயிறுதோறும் வேலைசெய்யும் நம் சபையார் ஒன்பது பேர் என்று தெரிந்தது. பப்புகளுக்குத் திங்கள் மந்தமான நாள். பல சமையலறைகள் அன்று மூடியிருக்கும். ஆகவே திங்கள் மாலையில் திருவிருந்தோடு ஓர் ஆராதனை வைக்கலாம் என்று சபைக் குழுவில் முன்வைத்தேன். நாலு பேருக்காகக் கூடத்தைச் சூடாக்கும் செலவு தேவையா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பொருளாளர் கேட்கவேண்டியதும்கூட. ஞாயிறு மத்தியானம் அந்த நாலு பேர் நமக்காக எரியும் அடுப்பின் முன் நிற்கிறார்கள் என்றேன். மூன்று மாதம் நடத்திப் பார்க்க இசைந்திருக்கிறார்கள்.

முதல் ஆராதனை வருகிற திங்கள் மாலை 7 மணிக்கு. ஐந்து பேர் வருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் அவர்களோடு அமர்ந்து சாப்பிட விரும்புகிறேன். ஆட்டுக்கறி வாங்கிவிடுகிறேன். சமைக்கவும் பரிமாறவும் இரண்டு பேர் வேண்டும், தட்டுக் கழுவ நான் இருக்கிறேன். வரக்கூடியவர்கள் சனிக்கிழமைக்குள் எனக்கு அழைத்துச் சொல்லுங்கள்.